வரப்புப் பணம் தைக்கு முன்னே வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண், நீர் பாதுகாப்புக்கு அரசு தரும் தொகை கூடியிருப்பது நல்ல செய்தி. பிரதம மந்திரி கிருஷி சிஞ்சாயி யோஜனாவின் நீர்வடிப்பகுதி (மழைநீர் ஒரே ஓடைக்கு வடியும் பரப்பு) திட்டத்தில் சமவெளிக்கு ஹெக்டேருக்கு 12,000 ரூபாயாக இருந்தது 22,000 ஆகியிருக்கிறது. மலை, கடினமான பகுதிகளுக்கு 28,000. ஆனால் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதிப் பக்கம், எந்தத் திட்டத்தில் பணம் வந்தாலும் போட்ட வரப்பு நிலைப்பதில்லை. பணம் வரும் மாதமும் எஸ்டிமேட் போடும் விதமும்தான் காரணம்.

கேரளத்தில் கரிசல் மண் இருப்பது ஏறக்குறைய இந்தத் தாலுகாவில் மட்டுமே. மற்ற ஊர்ச் செம்மண்ணுக்கு எழுதிய எஸ்டிமேட்டை இங்கேயும் போடுகிறார்கள். செம்மண்ணில் சம உயர வரப்பு (சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போடுவது) தண்ணீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும். கரிசலில் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. நாலு நாள் நின்றால் நிலக்கடலை வேர் அழுகிவிடும் என்று விவசாயியே மண்வெட்டி எடுத்து வரப்பை வெட்டிவிடுகிறார். தேங்கிய தண்ணீர் முழுவதும் அந்த ஒரு வாய் வழியே பாய்ந்து கீழே உள்ள நிலத்தை அரித்துக்கொண்டு போகிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. கரிசலுக்கு வேண்டியது சரிவு வரப்பு: 100 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்து, முடிவில் புல் வளர்த்த வடிகாலில் தண்ணீரை இறக்க வேண்டும். அந்த வடிகாலை முதலில் செய்து, புல் பிடித்த பிறகே வரப்புப் போட வேண்டும். எஸ்டிமேட்டில் வடிகாலைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.

அடுத்தது காலம். மார்ச் 31-க்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்று மாசி, பங்குனியில் அவசரமாக மண் வெட்டுகிறார்கள். அப்போது கரிசல் கல்லாகக் கிடக்கும். கட்டி கட்டியாகப் பெயர்ந்து வருவதை அப்படியே குவித்தால் உள்ளே பொந்துதான் மிஞ்சும். சித்திரை வெயிலில் வரப்பு குறுக்காக வெடிக்கும். முதல் பெருமழையில் தண்ணீர் அந்த வெடிப்பில் நுழைந்து, எலி வளை மாதிரி துளை போட்டு, வரப்பையே உடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை மாதம் மண்ணில் பதமான ஈரம் இருக்கும்போது வெட்டி, ஒரு சாணுக்கு ஒரு தரம் திமிசு போட்டு இறுக்க வேண்டும். மண் அமுங்கும் என்பதால் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு கூட்டிப் போட வேண்டும். மண் எடுக்கும் குழிக்கும் வரப்புக்கும் நடுவே ஓரடி இடம் விடாவிட்டால் வெட்டிய மண் திரும்பக் குழிக்குள்ளேயே சரியும். வரப்பின் மேல் கொழுக்கட்டைப் புல் விதைத்தால் வேர் மண்ணைப் பிடிக்கும், ஆட்டுக்கும் தீவனம்.

ஓடைகளில் அடுக்கும் கல் தடுப்பிலும் இதே கதிதான். நடுப்பகுதி ஓரங்களைவிட ஓரடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். இருபுறமும் கரைக்குள் அரை மீட்டர் கல் புதைய வேண்டும். புதைந்த கல் அளவெடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் கல்லைச் சுற்றிப் போய்ப் பக்கத்துக் காட்டின் கரையைத் தின்கிறது.

பராமரிப்புக்கு வழி இல்லாமல் இல்லை. 2008 பொது வழிகாட்டு நெறிமுறைகளின்படி, தனியார் நிலத்தில் செய்யும் வேலைக்கு விவசாயி 10 சதவீதமும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், சிறு, குறு விவசாயிகள் 5 சதவீதமும் பங்கு கட்ட வேண்டியிருந்தது. அந்த நிதி திட்டம் முடிந்தபின் பொதுநிலக் கட்டமைப்புகளைப் பேணுவதற்கானது. அதன் வரவு செலவை ஊராட்சி ஆண்டுதோறும் கிராம சபையில் வாசிக்க வேண்டும். அது மட்டும் போதாது. அரசும் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 400 ரூபாய் வீதம் ஐந்தாண்டு தரலாம். 500 ஹெக்டேர் நீர்வடிப்பகுதிக்கு மொத்தம் 10 லட்சம். அங்கே செலவாகும் 1.10 கோடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆடிக்கு முன் ஒரு முறை, ஐப்பசிக்கு முன் ஒரு முறை குழி தூர் வாரவும் உடைப்பை அடைக்கவும் இது போதும்.

நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்பட்டதாக முன்பே வகைப்படுத்தப்பட்ட வட்டாரம் சித்தூர். தமிழ்நாட்டுடன் செய்த 1970 பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆழியாற்றில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வந்தாலும் வாய்க்கால் எட்டாத மேட்டுக்காடுகளுக்குப் பெய்யும் மழைதான் கதி. வரும் ஆண்டுத் திட்டத்தில் கரிசலுக்குத் தனி எஸ்டிமேட் போட்டு, முதல் தவணையைத் தை பிறக்கும் முன் விடுவிக்க மாநில அரசும் மாவட்ட நிர்வாகமும் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
கரிசல்காட்டு விவசாயிகள்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.