ஃபியெல்பாக்காவிலிருந்து ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்கு

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

ஸ்வீடனின் மேற்குக் கரையான பூஹுஸ்லேனில், எங்கள் ஃபியெல்பாக்கா போன்ற ஊர்களில், கோடைக்கு மட்டும் வருபவர்களிடம் வீடுகள் இருக்க, ஆண்டு முழுக்க இருப்பவர்களுக்கு வீடு கிடைப்பதில்லை. இந்தப் பிரச்சினை உங்களுக்குப் புதிதல்ல. உங்களில் சிலருக்கே இங்கு கோடை வீடு இருக்கக்கூடும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதியோர் பராமரிப்பில் என்னோடு வேலை செய்யும் பெண் இந்த வாரம் மறுபடியும் வீட்டைக் காலி செய்கிறார். செப்டம்பரில் வாடகைக்கு வந்த வீடு. ஜூன் மாதக் கோடைத் திருநாளான மிட்சம்மருக்கு முன் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். உரிமையாளர் தன் வீட்டுக்கு வருகிறார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கு ஜூலையில் மருந்து வேண்டாமா? போன கோடை முழுக்க இந்தப் பெண் தெரிந்த ஒருவரின் தோட்டத்தில் ஒரு கேரவனில் மகனோடு தங்கி, அங்கிருந்து காலை ஷிப்டுக்கு வந்தார். குளிர் உடைகளும் பையனின் கட்டிலும் என் படகுக் கொட்டகையில் கிடந்தன. இந்தக் குளிர்காலத்தில் பாதிப் பெட்டிகளை அவர் பிரிக்கவே இல்லை. எப்படியும் மறுபடி மூட்டை கட்டத்தானே போகிறோம் என்கிறார்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஆண்டு முழுக்கக் குடியிருக்கக் கட்டிய வீட்டில் ஆண்டு முழுக்க யாராவது குடியிருக்க வேண்டும் என்று விதிக்கும் உரிமையை நகராட்சிகளுக்குக் கொடுங்கள். உரிமையாளரே இருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை, வாடகைக்கு விட்டாலும் சரி. நார்வேயில் பல நகராட்சிகளில் இது நடைமுறையில் இருக்கிறது. அந்த எல்லை எங்களுக்குக் காரில் ஒரு மணி நேரத் தூரம்தான்.

இந்தக் கரை முன்பும் காலியாகியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஹெர்ரிங் மீன் குவிந்தபோது உப்புக் கொட்டகைகளும் மீனெண்ணெய் காய்ச்சும் உலைகளுமாகக் கரை நிறைந்தது. 1800களின் தொடக்கத்தில் மீன் போனது, வறுமை வந்தது. 1870களின் கடைசியில் மீன் திரும்பியது. கிரானைட் வெட்டும் வேலையும் வந்தது. மீன் போனதற்கு யாரிடமும் மனுக் கொடுக்க முடியாது. இப்போது வேலை இருக்கிறது, வீடும் இருக்கிறது, குடியிருக்க மட்டும் வழியில்லை. இதற்கு மனுக் கொடுக்கலாம் என்று நம்புகிறேன்.

டிசம்பரில் வந்து பாருங்கள். துறைமுகத்தை ஒட்டிய சன்னல்களில் விளக்கு அழகாக எரியும். டைமர் வைத்திருக்கிறார்கள், உள்ளே ஆளில்லை. வீட்டுக்காரரின் வருமான வரி, அவர் பெயர் பதிவாகியிருக்கும் பெருநகரத்துக்குப் போகிறது. விருந்தாளிகளைக் கவனிக்க எங்களுக்குத் தெரியாமல் இல்லை. 1887-ல் அரசர் இரண்டாம் ஆஸ்கர் வந்துபோனார் என்பதற்காக மலைப்பிளவுக்கே அரசர் பிளவு என்று பெயர் வைத்தோம். கோடைதோறும் வந்த நடிகை இங்க்ரிட் பெர்க்மனுக்குச் சிலை வைத்தோம். ஜனவரியிலும் இங்கேயே இருப்பவருக்குச் சிலையெல்லாம் வேண்டாம், ஒரு சமையலறையும் இரண்டு அறைகளும் போதும்.

கொஞ்சம் காரமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுக்கக் குடியிருப்பு என்ற விதியை நகராட்சிகளே கொண்டுவர வழிசெய்யும் சட்டத்தை, அடுத்த கூட்டத்தொடரிலாவது விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் சக ஊழியர் இலையுதிர்காலத்தில் மறுபடி வீடு தேட ஆரம்பிக்கும் முன் ஒரு பதில் வந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஃபியெல்பாக்காவில் பன்னிரண்டு மாதமும் வசிக்கும் ஒருவர்