ஆவாரையும் கருவண்டும்

ஆசிரியருக்கு,

கானாடுகாத்தான் பக்கம் சாலையோரத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று, பூத்து நின்ற ஆவாரஞ்செடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். தானாக முளைத்ததுதானே என்ற நினைப்பு!

ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் நுனியில் சின்னத் துளை உள்ள பைக்குள் இருக்கும். கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு 'ர்ர்ர்' என்று உடம்பை அதிர வைத்தால்தான் பொடி தெறிக்கும். நடுவிலுள்ள குட்டைப் பைகள் வண்டுக்குச் சாப்பாடு. கீழே நீண்டிருப்பவை அதன் உடம்பில் பொடியைப் பூசி அடுத்த பூவுக்கு அனுப்பும். தேனீக்களுக்கு இந்த வித்தை வராது.

கருவண்டு வீட்டு உத்தரத்தையும் துளைக்கும், சரி. பட்டமரம் இருந்தால் அதிலும் கூடு குடைந்துகொள்ளும்.

சீமைக்கருவேலத்தை எடுங்கள். ஆவாரையைக் காய் முற்றும்வரையாவது விட்டுவையுங்கள்.

வாசகர்,
கானாடுகாத்தான்