கோத்தகிரி அத்தைக்கு, பேராதனையிலிருந்து

அன்புள்ள பெரிய அத்தைக்கு,

போனில் பேசும்போது, "கெம்பஸ்ல என்னதான்டி படிக்கிறே?" என்று கேட்டீர்கள். நவீன உலக வரலாறு என்றேன். "ஒலக வரலாறா? அதுல நாம எங்க வரப்போறோம்" என்று சிரித்தீர்கள். அதற்குள் பேச்சு மழைக்கும் பச்சைத் தேயிலை விலைக்கும் போய்விட்டது. போனில் சொல்லி முடிகிற பதிலாக இருந்தால் அடுத்த முறை சொல்லியிருப்பேன். நீளம் என்பதால் இங்கே எழுதுகிறேன். உங்கள் பேத்தி வாசித்துக் காட்டட்டும். உங்களைப் போலவே இலங்கைத் தோட்டங்களிலிருந்து போய், கூடலூரிலும் வால்பாறையிலும் இருக்கிற மற்ற அத்தைகளின் பேத்திகளும் வாசித்தால் இன்னும் நல்லது.

ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைக் காலத்தில் இந்தப் பாடம் எங்களுக்கு வந்த விதமே வேறு. பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம் ஐந்து, விளைவு ஐந்து. முதலாம் உலகப் போருக்குக் காரணம் ஆறு. நோட்ஸில் இருப்பதைப் பாடமாக்கிப் பரீட்சையில் கொட்டினால் ஏ கிடைக்கும். கிடைத்தது. மறந்தும் போனது.

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. கொப்பியின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் பாடத்தில் வரும் ஆண்டையும் சம்பவத்தையும் எழுதுவேன். வலப்பக்கம், அதே காலத்தில் நம் மலையில் என்ன நடந்தது என்பது. தொடக்கத்தில் வலப்பக்கம் வெறுமையாகத்தான் கிடந்தது. நூலகத்தில் உட்கார உட்கார நிரம்பத் தொடங்கியது.

நம் பாட்டன்மார் ஏன் கடல் தாண்டி வந்தார்கள் என்று கேட்டால் அப்பாயி சொல்லும் பதில் உங்களுக்குத் தெரியும். ஊரில் பஞ்சம், தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆள் பிடிக்க வந்த கங்காணி சொன்னான், நம்பி வந்தோம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மற்றப் பாதி மேற்கிந்தியத் தீவுகளில் இருக்கிறது. 1833இல் பிரிட்டன் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்ததும் ஜமைக்கா பக்கம் கோப்பி விளைச்சல் விழுந்தது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரிட்டனில் ஒரே தீர்வை என்று ஆக்கினார்கள். உடனே லண்டன் பணம் கண்டிச் சீமைக் காட்டைத் தேடி வந்தது. ஏக்கர் 5 ஷில்லிங்குக்குக் காடு விற்றது அரசாங்கம். அதன் உத்தியோகத்தர்களே வாங்கிப் போட்டார்கள். காடு வெட்ட, கோப்பி நட, பழம் பறிக்க ஆள் வேண்டும். ராமநாதபுரத்துப் பஞ்சம் மட்டும் இருந்து, இந்தத் தேவை இல்லாமல் இருந்திருந்தால், கங்காணி நம் ஊர்ப்பக்கம் வந்திருக்கவே மாட்டான்.

இன்னொன்று சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்தது. 1848இல் பாரிஸ், வியன்னா, பெர்லின் என்று ஐரோப்பா முழுக்கப் புரட்சி. வலப்பக்கத்தில் என்ன வந்தது தெரியுமா? மாத்தளைக் கிளர்ச்சி. பாரிஸைப் பார்த்து மாத்தளை எழுந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 1847இல் லண்டனில் பணநெருக்கடி, கோப்பி விலை சரிவு, கொழும்பு அரசாங்கத்துக்கு வருமானம் இல்லை. அதனால் நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி. ஆளுநர் டொரிங்டனின் அந்த வரிகளை எதிர்த்துத்தான் புரன் அப்புவும் கொங்காலேகொட பண்டாவும் திரண்ட ஜனங்களோடு நின்றார்கள்.

தேயிலைக் கதையை வேகமாகக் கடந்துவிடுகிறேன், நீங்கள் அதற்குள்ளேயே வாழ்ந்தவர். சீனத்துத் தேயிலைக்கு வெள்ளியைக் கொட்டிக் கொடுக்க முடியாமல் பிரிட்டன் அபின் விற்றது, 1839இல் அதற்காக யுத்தமும் செய்தது. தன் ஆட்சிக்குள்ளேயே தேயிலை வேண்டும் என்ற எண்ணம் வலுத்துவந்த காலம் அது. இங்கே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டது 1867. கோப்பி இலையில் துருநோய் கண்டது 1869. கோப்பி செத்த இடத்தில் தேயிலை ஏறியது. மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளிக்கு மலிவான, சீனி போட்ட சூடான தேத்தண்ணி தேவைப்பட்டது; லிப்டன் 1890இல் இங்கே வந்து தோட்டங்களை வாங்கியது அந்தக் கோப்பைக்காகத்தான். கைத்தொழில் புரட்சி என்றால் நீராவி எந்திரமும் நூற்பு ஆலையும் என்றுதான் பரீட்சைக்கு எழுதினோம். அந்த ஆலையில் நின்றவன் களைப்புக்கு என்ன குடித்தான் என்று எந்த வினாத்தாளும் கேட்கவில்லை.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் காலம். உங்கள் கதைக்கு வருகிறேன்.

இரண்டாம் ஆண்டில் முதலாம் உலகப் போருக்குப் பிந்திய ஐரோப்பாவைப் படித்தோம். ரஷ்யாவில் புரட்சி முடிந்து உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கானோர் வெளியே ஓடினார்கள். 1921இல் லெனின் அரசாங்கம் அப்படி ஓடியவர்களின் குடியுரிமையைப் பறித்தது. ஐரோப்பாவின் ரயில் நிலையங்களில் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு கூட்டம். நன்சன் என்று ஒரு நோர்வேக்காரர், வடதுருவப் பயணங்களால் பெயர் பெற்றவர், ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னிருந்த சர்வதேச சங்கத்தின் அகதிகள் ஆணையாளராக இருந்தார். 1922இல் அவர்களுக்கென்று ஒரு பயணப் பத்திரத்தை ஏற்படுத்தினார். நன்சன் பாஸ்போர்ட் என்றுதான் அதற்குப் பெயர். எந்த அரசாங்கத்தின் பிரஜையும் அல்லாதவனுக்கு ஒரு பாஸ்போர்ட்!

மற்றவர்கள் அந்தப் பக்கத்தை அடுத்த பக்கத்துக்குப் புரட்டிவிட்டார்கள். எனக்கு முடியவில்லை. நாடற்றவர் என்று நம் வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் அந்தச் சொல், தாத்தாவுக்கும் பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரருக்கும் மட்டும் ஒட்டிய பட்டம் என்று வளர்ந்தவள் நான். ஐரோப்பாவின் நடுவிலும் அதே நிலையில் லட்சக்கணக்கானோர் இருந்திருக்கிறார்கள். 1935இல் ஜெர்மனியில் நாஜிகள் யூதர்களின் பிரஜாவுரிமையைச் சட்டம் போட்டே எடுத்தார்கள். அதன் முடிவு உலகம் அறிந்தது. அதையும் நமக்கு நடந்ததையும் ஒரே தராசில் வைக்கும் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. யாரையும் நம்மிடமிருந்து வதை முகாமுக்குக் கொண்டுபோகவில்லை. ஆனால் ஆளைத் தொடாமல், தாளை மட்டும் எடுத்து ஒரு சமூகத்தைத் தெருவில் நிறுத்தலாம் என்பதை அந்த நூற்றாண்டின் அரசாங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுகொண்டன.

இப்போது 1948ஐப் பாருங்கள். அதற்கு முந்தின ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது. வேறு சில தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. பனிப்போர் தொடங்கிவிட்ட நேரம், இடதுசாரி என்றாலே ஆட்சியாளருக்குக் காய்ச்சல். 1948 ஆகஸ்டில் பிரஜாவுரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆகஸ்டில், இலங்கை உண்மையில் சுதந்திர நாடுதானா என்று கேட்டு, ஐக்கிய நாடுகள் சபைக்குள் அது நுழைவதைச் சோவியத் ஒன்றியம் வீட்டோ போட்டுத் தடுத்தது. நவம்பர் 15இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா என்றார்கள். லயத்துக் காம்பராவில் பிறந்தவனுக்குப் பிறப்புப் பதிவு எங்கே இருந்தது? 1939இலேயே இந்தியா இங்கே தோட்ட வேலைக்கு ஆள் வருவதை நிறுத்திவிட்டது. அதனால் 1948இல் இருந்தவர்கள் இங்கேயே பிறந்தவர்கள் அல்லது பல வருஷம் உழைத்தவர்கள். ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றுப் போனார்கள். 1949இல் வாக்குரிமையும் போனது.

அந்த நவம்பர் 15க்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 10ஆம் தேதி பாரிஸில் மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறுகிறது. அதன் 15ஆவது உறுப்புரை, ஒரு நாட்டின் குடியினராக இருக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது. இலங்கை அந்த வாக்கெடுப்பில் இல்லை. வீட்டோவால் வெளியே நின்ற நாடு, 1955இல்தான் உள்ளே போனது. கொப்பியின் இரண்டு பக்கத்தையும் இப்படி அருகருகே வைத்துப் பார்த்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை இல்லை.

அப்புறம் 1964. நாடற்றவர்களை இரண்டு நாடும் பிரித்து எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். நேரு அதுவரை இவ்வளவு பேரை ஏற்க இணங்கவில்லை. 1962இல் சீனாவிடம் அடிபட்ட இந்தியாவுக்கு அயல்நாடுகளின் நட்பு தேவைப்பட்டது. சாஸ்திரி இணங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எழுதுகிறார்கள். இமயமலையில் நடந்த சண்டைக்கு நம் தோட்டத்தில் ஆள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். எந்த லயத்துக்கும் வந்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

அதே 1964இல் பர்மாவில் நே வின் அரசாங்கம் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியது. அங்கிருந்த தமிழர்களும் கப்பலேறினார்கள். சென்னையில் பர்மா பஜார் அப்படி வந்ததுதான். 1972இல் உகாண்டாவில் இடி அமீன் ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னான். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் ஆள்களை இடம் மாற்றி வைத்தது. அது கலைந்ததும் புதிய தேசங்கள் உள்ளே யார், வெளியே யார் என்று கோடு போட்டன. அந்தக் கோட்டில் நின்றவர்களில் நீங்களும் மாமாவும் இருந்தீர்கள்.

நீங்கள் ஏன் போனீர்கள் என்று அப்பாவிடம் கேட்டால், "சாப்பாட்டுக்கு இல்ல, அதான் மச்சான் இந்தியாவுக்குப் போகப் பேரு குடுத்துட்டாரு" என்பார். 1973, 74 பஞ்சம். அதற்கும் இடப்பக்கத்தில் ஒரு வரி உண்டு. 1973 ஒக்டோபர் அரபு-இஸ்ரேல் யுத்தம், எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கானது. உலகச் சந்தையில் தானிய விலையும் ஏறிக் கிடந்த நேரம். இலங்கை அரிசிக்கும் மாவுக்கும் கப்பலை நம்பி இருந்த நாடு. பங்கீட்டுக் கூப்பன் அரிசி குறைந்தது, மாவு வரிசை நீண்டது. கிராமத்தில் இருந்தவனுக்கு ஒரு துண்டுக் காணியில் மரவள்ளியாவது இருந்தது. லயத்துக்காரனுக்கு வாசலைத் தாண்டினால் தோட்டத்துக்குச் சொந்தமான தேயிலை. தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தது அந்தக் காலத்தில்தான். மாமா பெயர் கொடுத்ததை யாராவது ஆசைப்பட்டுப் போன கதையாகச் சொன்னால் எனக்கு எரிச்சல் வரும்.

இதையெல்லாம் சொன்னால் நீங்கள் "நம்ம தலைவிதி" என்று முடித்துவிடுவீர்கள். அங்கேதான் அத்தை, உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. மொரிஷியஸைப் பாருங்கள். 1834இலிருந்து அங்கே கரும்புக்கு ஆள் கொண்டுபோனார்கள், பீகாரிலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும். ஒரே நாற்றுமேடையில் எடுத்த கன்றுகளை வேறு வேறு மலையில் நட்ட மாதிரிதான். 1968இல் அந்தத் தீவு சுதந்திரம் பெற்றபோது பிரதமரானவர் ராம்கூலம், அப்படிப் போன ஒரு கூலித் தொழிலாளியின் மகன். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் இன்றைக்கும் தமிழ் எழுத்து இருக்கிறது, பேத்தியை கூகுளில் தேடிக் காட்டச் சொல்லுங்கள். அங்கேயும் சவுக்கடி இருந்தது, பட்டினி இருந்தது. சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஆனால் வாக்குரிமை கையில் இருந்தது, யாரும் பறிக்கவில்லை. நம்மிடம் பறித்தார்கள். பறித்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, யார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்ற நாடாளுமன்றப் பதிவும் இருக்கிறது. தலைவிதிக்கு இவ்வளவு ஆவணம் இருக்காது.

என் சிநேகிதி ஒருத்தி, காலிப் பக்கத்துப் பிள்ளை, "உனக்கு எதைப் படித்தாலும் தேயிலையில் போய்த்தான் முடியும்" என்று கேலி செய்வாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. நெப்போலியனை லயத்துக்கு இழுத்து வர முடியாது, நான் முயலவும் இல்லை. சில நேரம் தொடர்பு வெறும் பக்கத்து வீட்டுத் தொடர்புதான். பேராதனைப் பூங்காவைத் தாண்டித்தான் தினமும் பஸ் போகிறது. 1944இல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகத்தை அங்கேதான் கொண்டுவந்து வைத்தார். பர்மா யுத்தத்தை இந்த மரங்களுக்கடியில் இருந்துகொண்டு நடத்தியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பிரிட்டனில் ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ் தேயிலை என்று பங்கீடு. அந்த 2 அவுன்ஸுக்காகக் கொழுந்து எடுத்த கைகளைப் பற்றி யுத்த வரலாற்றில் அதிகம் கிடைக்காது. தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடைசி ஆண்டு ஆய்வுக் கட்டுரைக்கு 1964 ஒப்பந்தத்தைத்தான் எடுத்திருக்கிறேன். ஒப்பந்தத்தின் வாசகம் நூலகத்தில் கிடைக்கிறது, போனவர்களின் பக்கம் கிடைப்பதில்லை. அதனால் ஒரு உதவி. மாமாவின் குடும்ப அட்டையும் அந்தப் பழைய பாஸ்போர்ட்டும் டிரங்குப் பெட்டிக்குள் இருப்பதாக அப்பா சொன்னார். எல்லாப் பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், முத்திரைகள் தெளிவாகத் தெரிய வேண்டும். பெயரையும் எண்ணையும் மறைத்துத்தான் பயன்படுத்துவேன். ஹட்டனில் ரயில் ஏறியதிலிருந்து இந்தியாவில் மண்டபம் முகாம் போய்ச் சேர்ந்தது வரை எத்தனை இடத்தில் எழுதினார்கள், எங்கே சோதித்தார்கள், கையில் எவ்வளவு பணமும் நகையும் கொண்டுபோக விட்டார்கள் என்பதை யோசித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கிறேன், பதிவு செய்வேன், சம்மதமா என்று முதலில் மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்