எஸ்ஜிபிடியை மட்டும் பார்த்துப் பயப்படாதே

கிருஷ்ணகிரி

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தேன். எஸ்ஜிபிடி 98, எஸ்ஜிஓடி 131 என்று தடித்த எழுத்தில் வந்திருப்பதைக் கண்டு மிரண்டுபோய், கல்லீரல் கெடுகிறதோ என்று காசநோய் மாத்திரைகளை நாளை முதல் நிறுத்தப் போவதாக எழுதியிருக்கிறாய். மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதே. அரைகுறையாக விட்ட காசநோய், மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பி வரலாம்.

இந்த நொதிகள் கல்லீரல் செல்களுக்குள் இருப்பவை. செல் பழுதுபட்டால் ரத்தத்தில் கசியும். ஆனால் கசிவு எவ்வளவு என்பது வேறு, கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்பது வேறு. இரண்டாவதைச் சொல்வது, கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறப்பொருளான பிலிரூபின். எஸ்ஜிபிடி இயல்பின் மேல் எல்லையைப்போல் 3 மடங்கும் பிலிரூபின் 2 மடங்கும் தாண்டி, பித்தக் குழாய் அடைப்போ வைரஸ் காமாலையோ இல்லை என்றும் உறுதியானால், மருந்தால் அப்படி ஆனவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவர் இறக்கவோ மாற்றுக் கல்லீரல் தேடவோ நேரிடுகிறது என்பதை ஹைமன் சிம்மர்மன் என்ற அமெரிக்க மருத்துவர் கவனித்துச் சொன்னார். அத்தகைய நோயாளியின் ரத்தம் உள்ள சோதனைக் குழாயை இயந்திரத்தில் சுழற்றி எடுத்தால், மேலே நிற்கும் சீரம் மஞ்சள் தூளைக் கரைத்ததுபோல் இருக்கும். ஆய்வகத்தில் இருக்கும் எங்களுக்கு எண் வருமுன்பே தெரிந்துவிடும். உன் பிலிரூபின் 0.7, இயல்பான அளவுதான். அந்த வரியை நீ படிக்கவே இல்லை போலும்.

இன்னொன்று: உன் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைவிட அதிகம். இரண்டும் தசையிலும் உண்டு, அதிலும் எஸ்ஜிஓடி கூடுதலாக உண்டு. ஜிம்மில் எடை தூக்கிய மறுநாளே ரத்தம் கொடுத்தாயா? தசை பழுதுபட்டால் உயரும் சிபிகே என்ற நொதியின் பரிசோதனையையும் சேர்த்துச் செய்தால் தசையா கல்லீரலா என்பது ஓரளவு விளங்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஆராய்ச்சியாளர்கள் தசையில் மிகக் குறைவாக உள்ள ஜிஎல்டிஹெச் என்ற நொதியையும், கல்லீரலுக்கே உரிய மைக்ரோஆர்என்ஏ-122ஐயும், செல் எவ்விதம் மடிகிறது என்று காட்டும் கெரட்டின்-18 துண்டுகளையும் ஆராய்கிறார்கள். மைக்ரோஆர்என்ஏ-122 நல்ல ஆரோக்கியமானவர்களிடமே ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடுவதால், அதற்கு எல்லை வகுப்பது சிரமமாக இருக்கிறது. நம் ஊர் ஆய்வகங்களில் இவற்றைக் கேட்டுப் பயனில்லை.

எஸ்ஜிபிடி 5 மடங்கு தாண்டினால் அறிகுறி இல்லாவிட்டாலும், 3 மடங்கு தாண்டி வாந்தி, பசியின்மை, வலது விலாவின் கீழ் வலி இருந்தாலும் மருத்துவர்கள் மருந்தை நிறுத்துவார்கள். 40 மேல் எல்லை என்றால் உன் எஸ்ஜிபிடி 3 மடங்கைத் தொடவில்லை. ஆனாலும் குமட்டல் வந்தால் மறுநாள் வரை காத்திராமல் அன்றே போய்க் காட்டு. காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அதைக் காமாலை என்று எண்ணாதே, கண்ணின் வெண்மையைப் பார்.

காவேரிப்பட்டணம் அத்தை சீந்தில் பொடி அனுப்புவதாகச் சொல்கிறார்கள். நல்ல மனசுதான், ஆனால் வேண்டாம். சீந்திலாலேயே கல்லீரல் கெட்டதாக நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். மதுவும், கேட்காமல் போடும் பாராசிட்டமாலும் கூடாது.

அறிக்கையை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டி, மறுபரிசோதனை எப்போது என்று கேள். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஜிம் பக்கம் போகாதே. வந்ததும் முழு அறிக்கையையும் அனுப்பு, கண்ணு. தடித்த வரியை மட்டும் படமெடுத்து அனுப்பாதே.

அன்புடன்,
அம்மா