மேல்மண்ணை அள்ளினால் போதாது

ஆசிரியருக்கு,

எங்கள் பக்கத்து இடத்தில் டீசல் தொட்டி கசிந்தது. மேல்மண்ணை அள்ளி, புது மண் கொட்டி, "சரி, முடிந்தது" என்று போய்விட்டார்கள். அப்புறம் ஒரு மழை. கிணற்றிலிருந்து வாளியைத் தூக்கினேன். தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் படலம், கயிறு பிடித்த கையிலும் டீசல் வாடை.

டீசல் தண்ணீரைவிட இலேசானது. மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரின்மேல் மிதக்கும். நீர்மட்டம் ஏறி இறங்க, வழியெல்லாம் மண்ணில் அப்பிக்கொள்ளும். முதலில் அந்த மிதக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுக்க வேண்டும். மிச்சத்தை மண்ணிலுள்ள பாக்டீரியாக்களே தின்னும். ஆனால் அவற்றுக்குக் காற்றும், தேவைப்பட்டால் நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்தும் கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் பொறுமையும் வேண்டும். சோப்புத்தூள் போட்டுக் கழுவுவது வேண்டவே வேண்டாம், எண்ணெய் இன்னும் ஆழத்துக்குப் போய்விடக்கூடும்.

சுற்றிலும் சோதனைக் கிணறு போட்டு, நீர்ப் பரிசோதனை முடிவை எங்களிடம் காட்டுங்கள்.

ஒரு வாசகி