மாரிக்கு முதல் ஒருக்கா வாருங்கள்: கிழக்கின் ஊடகவியலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து பத்திரிகைக்கும் வானொலிக்கும் இணையத்துக்கும் செய்தி அனுப்பும் நண்பர்களுக்கு,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மாரி தொடங்கி, ரோட்டுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து, போனில் சிக்னல் செத்த பிறகுதான் உங்களில் பலருக்கு ஹாம் ரேடியோ, அதாவது லைசன்ஸ் எடுத்த தனியாட்கள் பொழுதுபோக்காகச் சொந்தச் செட்டில் ஒருவரோடு ஒருவர் பேசும் வானொலி, ஞாபகம் வருகிறது. படலையைத் தட்டி, “அண்ணன், உங்கட செட்டில ஏதும் கேட்டதா?” என்று விசாரிப்பீர்கள். விசாரிப்பதில் பிழையில்லை. ஆனால் அந்த நேரத்தில் விளக்கம் சொல்ல எனக்கும் நேரம் இருக்காது, கேட்க உங்களுக்கும் பொறுமை இருக்காது. பிறகு வரும் செய்தியில் நான் ‘வயர்லெஸ் நிபுணர்’ ஆகியிருப்பேன். ஒரு தடவை ‘தனியார் எப்.எம். உரிமையாளர்’ கூட ஆனேன்! அதனால்தான் வெயில் காலத்திலேயே எழுதுகிறேன்.

நான் கல்லடியில் இருக்கிறேன். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் சித்தியடைந்து லைசன்ஸ் எடுத்த ஒரு சாதாரண ஹாம். இலங்கை ஹாம்களின் அழைப்புக்குறிகள் பெரும்பாலும் 4எஸ்7 என்று தொடங்கும். அந்தக் குறியைச் சொல்லித்தான் நாங்கள் பேச வேண்டும். பாட்டுப் போடக்கூடாது, விளம்பரம் சொல்லக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது, அடுத்தவருக்கு விளங்காத இரகசியச் சங்கேதத்தில் பேசவே கூடாது. பொருத்தமான ரிசீவர் இருந்தால் நாங்கள் பேசுவதை யாரும் கேட்கலாம். உங்கள் கையில் இருக்கும் வாட்ஸ்அப்பைவிட இது எவ்வளவோ ஒளிவுமறைவு இல்லாத பேச்சு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? கொழும்பில் ஒரு வீட்டுக் கூரைக்கு மேலே நீளமாக வயர் தெரிந்தால், “இது என்ன, ரீவி அன்டனாவா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் பக்கம் அப்படி இல்லை. வோக்கிடோக்கி யார் யாருடைய கைகளில் இருந்தது, அப்படி ஒரு சாமான் ஒரு வீட்டில் அகப்பட்டால் அந்த வீட்டுக்காரருக்கு என்ன நடக்கும் என்பதெல்லாம் நாற்பதைத் தாண்டிய எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. துப்பாக்கிகள் ஓய்ந்து இவ்வளவு காலமாகியும் அந்தப் பயம் அன்டனாவைப் பார்த்தால் எழும்பி நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் முற்றத்துத் தென்னையில் இருந்து கமுகுக்கு ஒரு வயர் இழுத்துக் கட்டினார். அதைப் படம் பிடித்து ‘மர்ம அன்டனா’ என்று ஒரு செய்தி போனது. விசாரிக்க ஆட்கள் வந்தார்கள், அவர் லைசன்ஸைக் காட்டினார், அவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். லைசன்ஸ் இருந்த விஷயம் மட்டும் செய்தியாகவில்லை. அவருடைய மனைவி வயரைக் கழற்றச் சொல்லிவிட்டார், அவரும் கழற்றிவிட்டார்.

கிழக்கில் ஒரு ஹாமுக்கு அரசாங்கம் கொடுக்கும் லைசன்ஸ் பாதிதான். மற்றப் பாதியை ஊர் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர், கிராம உத்தியோகத்தர், பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் பரிபாலன சபை எல்லோருக்கும் இவர் இன்னார், இன்ன வேலைக்காக இந்த வயரைக் கட்டியிருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பாதியை எங்களுக்கு வாங்கித் தரக்கூடியவர்கள் நீங்கள்தான். நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னால் சந்தேகம் கூடும். நீங்கள் எழுதினால் குறையும்.

2004 சுனாமியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தமானில் போர்ட் பிளேயர் நகரில் பாரதி பிரசாத் என்ற இந்திய ஹாம் பெண்மணி அப்போது செட்டோடு இருந்தார். அவர் அனர்த்தப் பணிக்குப் போனவர் அல்லர். ஹாம்களுக்குக் கிடைத்தற்கரிய அந்தத் தீவில் இருந்து உலகத்தோடு பேசுவதற்காக, அனுமதி எடுத்துக்கொண்டு முன்னரே போயிருந்தார். டிசம்பர் 26ஆம் திகதி தொடர்புகள் அறுந்தபோது அன்டனா ஏற்கெனவே மேலே நின்றது. இலங்கையில் தெற்குப் பக்கம் ஹம்பாந்தோட்டைக்கு ஹாம்கள் சிற்றலைச் செட்டோடு போய்க் கொழும்போடு தொடர்பை ஏற்படுத்தினார்கள். நாட்டிலேயே கூடிய உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். ஆனால் ஹாம் ரேடியோ பற்றிப் பேசும் எவரும் சொல்வது ஹம்பாந்தோட்டைக் கதையைத்தான். மருதமுனைக்கோ கல்முனைக்கோ திருக்கோவிலுக்கோ அப்படி ஒரு கதையை நான் கேட்டதில்லை. இதில் நான் யாரையும் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்துக் கிழக்கில் அன்டனாவோடு வாழ எவருக்குத் துணிவு வந்திருக்கும்?

1978 நவம்பர் சூறாவளியைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்பங்களும் மரங்களும் சேர்ந்து விழுந்து மட்டக்களப்பு எப்படித் தனித்துப்போனது என்று அவர்களிடம் கேளுங்கள். இப்போது கம்பத்துக்குப் பதிலாக டவர் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கரண்ட் போனால் டவர் சில மணித்தியாலங்கள் பற்றரியில் ஓடும். ஜெனரேட்டருக்கு எண்ணெய் கொண்டுபோக ரோட்டு இல்லாவிட்டால் பற்றரியோடு அதன் கதை முடிந்தது. டவருக்கு வரும் ஃபைபர் கேபிள் அறுந்தால், கரண்ட் இருந்தும் பிரயோசனமில்லை. கிரான் பாலத்துக்கு மேலால் வெள்ளம் போகிற ஒவ்வொரு வருடமும் நீங்களே படகில் போய்ச் செய்தி எடுக்கிறீர்கள். வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையின் பாடு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் சாமான் என்ன செய்யும் என்றால், நடுவில் எந்த டவரும் தேவையில்லாமல் பேசும். 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் சுமார் 20 மீற்றர் வயர் போதும். நடுவில் வெட்டி, அங்கிருந்து கேபிளைச் செட்டுக்கு இறக்கினால் அன்டனா தயார். அதை உயரமாகக் கட்ட வேண்டும் என்றும் இல்லை. ஏழெட்டு மீற்றரில் கட்டினால் அலை ஏறக்குறைய நேரே மேலே போய், சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும் அயன் மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் குடை விரித்ததுபோல் கீழே இறங்கும். மலைநாடு குறுக்கே நின்றாலும் கொழும்புக்குக் கேட்கும், யாழ்ப்பாணத்துக்கும் கேட்கும். இரவில் அந்த அலைவரிசை எட்டத்துக்குப் பாய்ந்துவிடும் என்பதால் 3.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்குவோம். செட் 12 வோல்ட்டில் ஓடுகிறது, கார் பற்றரி போதும், ஒரு சோலார் பெனலும் இருந்தால் இன்னும் நல்லது. வாவிக்கு இக்கரையில் இருந்து அக்கரைக்குப் பேச 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும் சின்னக் கைச்செட் போதும்.

(எங்கள் ஆட்களிடம் பேட்டி எடுக்கப் போனால், மீற்றர், வாட்ஸ் என்று அவர்கள் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். நான் மேலே சொன்னதே கொஞ்சம் கூடத்தான்.)

ஆனால் இந்த வேலையை மழை தொடங்கிய பிறகு ஒருவருக்குப் பழக்க முடியாது. பரீட்சைக்குப் படிக்க வேண்டும், லைசன்ஸ் வர வேண்டும், கருவிக்கும் அனுமதி வேண்டும். அதற்குப் பிறகு, இரைச்சலுக்குள் இருந்து ஒரு குரலைப் பிரித்துக் கேட்கவும், சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் தாளில் எழுதித் திருப்பிச் சொல்லவும் காது பழக வேண்டும். ‘பத்து மூடை அரிசி’ என்பது ‘பத்து லொறி’ ஆகக்கூடாது பாருங்கள். அந்தப் பழக்கம் வருவது சும்மா இருக்கும் நாட்களில் அரட்டை அடித்துத்தான். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது வேலையில்லாதவன் பொழுதுபோக்காகத் தெரியும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். வெள்ள நேரத்தில் ஒரு பிரதேச செயலகத்துக்காக நான் செய்தி காவினால், அது என்னுடைய செய்தி அல்ல, தபால்காரருக்குக் கடிதம் சொந்தமில்லாததுபோல. இறந்தவர் பெயரோ, காணாமல்போனவர் விபரமோ என் வாயில் இருந்து உங்களுக்கு வராது. உரிய அதிகாரியிடம்தான் நீங்கள் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் முகத்தைச் சுழிக்காதீர்கள் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன். மற்றபடி எங்கள் வேலையைப் படம் எடுக்கலாம், பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

சரி, வெயில் காலத்தில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆகஸ்ட் மூன்றாவது வார இறுதியில் உலகம் எங்கும் ஹாம்கள் வெளிச்சவீடுகளில் செட் வைத்துப் பேசுவார்கள். முகத்துவாரத்தில் 1913இல் கட்டிய வெளிச்சவீடு நமக்கு இருக்கிறது. அதன் அடியில் வயர் கட்டி உட்கார்ந்தால் ஜப்பானில் இருந்தும் ரஷ்யாவில் இருந்தும் மட்டக்களப்பின் பெயரைக் கேட்டு எழுதுவார்கள். சுற்றுலாவைப் பற்றி எழுதுபவருக்கு இதைவிட நல்ல படம் வேண்டுமா? அம்பாறைக்காரர்கள் கோபிக்க வேண்டாம். இலங்கையின் கிழக்குக் கோடியான சங்கமன்கண்டி முனை உங்களுடையது. அங்கிருந்து பேசினாலும் உலகத்தில் ஆவலாய்க் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒக்டோபரில் சாரணர்கள் ஹாம் ரேடியோவில் ஒருவரோடு ஒருவர் பேசும் வான்வழி ஜம்போறி வருகிறது. ஏப்ரல் 18 உலக ஹாம் ரேடியோ தினம், 1925இல் பாரிஸில் ஹாம்களின் சர்வதேச அமைப்பு தொடங்கிய நாள். இவற்றைவிட எனக்குப் பிடித்தது சர்வதேச விண்வெளி நிலையம். அதில் ஹாம் செட் இருக்கிறது, உலகம் எங்கும் பாடசாலைப் பிள்ளைகள் அதன் மூலம் விண்வெளி வீரர்களோடு பேசியிருக்கிறார்கள். நிலையம் தலைக்கு மேலே கடக்கச் சுமார் பத்து நிமிடம், அதற்குள் கேள்வியும் பதிலும் முடிந்துவிடும். அதற்கு விண்ணப்பித்து நெடுநாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அங்கிருந்து வருவதைக் கேட்பதற்கு எந்த விண்ணப்பமும் வேண்டாம், 145.800 மெகாஹெர்ட்ஸ் கேட்கக்கூடிய ஒரு ரிசீவர் போதும். 2019இல் அந்த நிலையத்தில் இருந்துதான் இலங்கையின் இராவணா-1 என்ற சின்னச் செய்மதி விடப்பட்டது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு பாடசாலை மைதானத்தில் அப்படி ஒரு குரலைப் பிள்ளைகள் கேட்கும்போது அவர்களின் முகத்தை நீங்கள் படம் எடுத்துப் போட்டால், மர்ம அன்டனாக் கதை அந்த ஊரில் மறுபடி எடுபடாது.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஊடக அமைப்பில் இருந்தும் ஒருவராவது மாரிக்கு முதல் ஒரு பின்னேரம் வந்து இருந்து கேளுங்கள். எழுதுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். எழுதினால் எப்.எம். என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் ஊரில் எங்கேயாவது ஒரு புது வயர் தெரிந்தால், படம் போடுவதற்கு முதல் அந்த வீட்டுக் கதவைத் தட்டி லைசன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் என்ன போட்டாலும் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

வெளிச்சவீட்டுக்கு அனுமதி எடுக்கும் வேலை எங்களுடையது. வானொலிக்காரர்கள் வந்தால் ரெக்கோடரை எங்கள் செட்டில் நேரே செருகுவதற்கு வயர் தருகிறேன். முகத்துவாரத்துக் காற்றில் மைக்கைப் பிடித்தால் இரைச்சலைத் தவிர ஒன்றும் பதியாது.

அன்புடன்,
கல்லடியில் இருந்து ஒரு ஹாம்