மகளுக்கு, அந்த இரண்டு தட்டுகளைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். போன கிழமை அனுப்பிய மெசேஜுக்கு நீல அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை, வேலை கூட என்று விளங்குகிறது. திவசத்துக்கு ஐயர் வந்து போனார், பெரியப்பா குடும்பம் டோர்ட்முண்டிலிருந்து வந்தது, நீ எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்காமல் விட்டதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சரி, அதை எழுத இந்தக் கடிதத்தைத் தொடங்கவில்லை. உன் அறையில் கட்டிலுக்குக் கீழே அட்டைப் பெட்டியோடு கிடந்த அந்த இரண்டு இசைத்தட்டுகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பிராம்ஸுடைய ‘ஜெர்மன் ரெக்வியம்’, சாவை நினைத்துக் கூட்டுக்குரலுக்கு எழுதின இசை. நீ பழைய சாமான் சந்தையில் மூன்று யூரோவுக்கு வாங்கி வந்து, என்னவோ தங்கம் கிடைத்ததுபோல அம்மாவிடம் காட்டினாயே, அது.

பிளேயரின் ஊசி தேய்ந்திருந்தது, புதிது போட்டேன். இப்போது எட்டு மணிச் செய்தி முடிந்ததும் ஒரு பக்கம் கேட்கிறேன், சில நாள் முழுவதும். இருபத்தேழு வருடம் பேக்கரியில் இரவு வேலை செய்தவனுக்கு பென்ஷன் வந்த பிறகும் இரவில் நித்திரை வராது. நீயும் நேரத்துக்கு நித்திரை கொள், நேரத்துக்குச் சாப்பிடு. மத்தியானத்தில் வெறும் சான்ட்விச்சோடு நிற்காதே.

முதல் பகுதியில் வயலினே இல்லை என்று நீ ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது நான் ‘ம்’ என்றுவிட்டுப் பேப்பரைத் திருப்பினேன். இப்போதுதான் அது காதில் விழுகிறது. அடியில் பேஸ் வாத்தியங்கள் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டிருக்கின்றன, சுருதிப்பெட்டி மாதிரி, அதற்கு மேலே செலோவும் வியோலாவும் இருட்டாகப் போகின்றன, பிறகு கூட்டுக்குரல் ‘ஸேலிக்’, பாக்கியவான்கள், என்று வருகிறது, பக்கத்து அறையில் யாரோ நித்திரையாக இருக்கிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல அவ்வளவு மெல்ல. என்னுடைய ஜெர்மன் பேக்கரி ஜெர்மன், வேதாகமத்தை மொழிபெயர்த்த லூத்தருடைய பழைய ஜெர்மன் பிடிபடவில்லை. கீழ்வீட்டு அன்ரியிடம் தமிழ் வேதாகமம் இரவல் வாங்கி, அட்டைக்குள் இருந்த தாளைப் பார்த்து வசனம் வசனமாகத் தேடினேன். “துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் ஆறுதலடைவார்கள்.” கத்தோலிக்கருடைய லத்தீன் பூசையில் செத்தவருக்கு இளைப்பாறுதல் கேட்டுத்தான் தொடங்குவார்களாம். பிராம்ஸ் வேதாகமத்திலிருந்து தானே வசனங்களைப் பொறுக்கி எடுத்து, வீட்டில் மிச்சம் இருந்து அழுகிறவர்களை முதலில் கூப்பிடுகிறார். யேசுவின் பெயரே இதில் இல்லையே என்று இங்கே பிரேமனில் டோம் என்கிற பெரிய தேவாலயத்தில் இசைப் பொறுப்பில் இருந்தவர் குறைப்பட்டபோது, தலைப்பில் உள்ள ‘ஜெர்மன்’ என்ற சொல்லைக்கூட எடுத்துவிட்டு ‘மனிதர்’ என்று போடச் சம்மதம் என்று பிராம்ஸ் அவருக்கு எழுதினாராம். அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் எந்தத் தாளில் கையெழுத்து வைத்தாலும் நீ எந்த நாடு என்று கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது பகுதியை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பேன். “மாம்சமெல்லாம் புல்லைப்போலவும்” என்று வருகிறதே, அது. பிண ஊர்வலம் போகிற நடைதான், ஆனால் மூன்று தட்டாக எண்ணினால்தான் சரியாக வருகிறது, நான் மேசையில் விரலால் தட்டிப் பார்த்தேன். மேளம் தூரத்தில் தொடங்குகிறது. அதே வரியைத் தாழ்வாக ஒருமுறை பாடி, பிறகு முழுச் சத்தத்தில் வரும்போது நெஞ்சுக்குள் இடிக்கிறது. நான் கண்ட சாவுகளில் பறை கேட்டவன், எனக்கு அந்த அடி புதிதில்லை. பிராம்ஸுக்குக் குரு மாதிரி இருந்த இசையமைப்பாளர் ஷூமான் தன்னையே ஆற்றில் போட்ட அந்த 1854ஆம் ஆண்டில், பிராம்ஸுக்கு அப்போது இருபது வயது, வேறு எதற்கோ எழுதத் தொடங்கிக் கைவிட்ட இசையாம் இது, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. மனிதர் மனதில் கிடந்தது ஒருநாள் எங்கேயாவது வெளியே வரத்தான் செய்யும்.

இதை நடத்துகிற கிழவர் க்ளெம்பரரைப் பற்றியும் வாசித்தேன், அவரை வாசிக்க வாசிக்கத் தட்டு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கியது. பிரெஸ்லாவில் 1885இல் பிறந்த யூதர், 1933இல் ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளிக்கிட்டவர். 1939இல் மூளையில் கட்டி, வெட்டி எடுத்த பிறகு உடம்பின் ஒரு பக்கம் சரிவர இயங்கவில்லை. 1951இல் மொன்றியல் விமான நிலையத்தில் விழுந்து இடுப்பு உடைந்தது, பிறகு கதிரையில் இருந்துதான் நடத்தினார். இத்தனைக்கும் பிறகு 1961இல், எழுபத்தைந்து வயது தாண்டி, லண்டனில் கிங்ஸ்வே ஹாலில், ஆங்கிலேயக் கூட்டுக்குரலை வைத்துக்கொண்டு, தன்னைத் துரத்திய பாஷையில் இதைச் செய்கிறார். தனிக் குரல் பாடுகிற ஃபிஷர்-டீஸ்காவ் போரில் ஜெர்மன் சிப்பாயாக நின்று இத்தாலியில் கைதியாக இருந்தவர், அந்தப் பெண் ஸ்வார்ட்ஸ்கோஃப் நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்தவர். அவர்களை ஒரே அறையில் வைத்து அந்த மனிதர் எப்படி இதை நடத்தினார் என்று நான் இரவில் யோசிக்கிறேன். என்னால் ஏலாது மகள். ஊரில் ஒரு காலத்தில் எங்களுக்கு எதிராக நின்றவனை இங்கே கடையில் கண்டால் நான் மற்றப் பக்கத்தால் போகிறவன். ஆனால் தட்டில் கோபம் கொஞ்சமும் இல்லை. இழுத்து இழுத்து அழவைக்கிற வேலையும் இல்லை. ஏறக்குறைய எழுபது நிமிடம், நடக்கிற வேகத்தில், ஒரு அடியும் தடுமாறாமல் போகிறது. மற்றவர்கள் சீனி போட்டுத் தருகிறார்கள், இவர் வெறும் தேத்தண்ணீர் தருகிறார் என்று நீ அம்மாவிடம் சொன்னது நினைவு வருகிறது, சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய்.

அந்த மண்டபம் உன் வேலைக்குப் பக்கம்தான், ஹோல்போர்ன் ஸ்டேஷனுக்கு அருகில். மெதடிஸ்ட் சபைக்காரருடைய மண்டபம், கீழே பாதாள ரயில் ஓடும், அங்கே பதிந்த தட்டுகளில் அதன் உறுமல்கூட விழுந்திருக்கிறதாம். இப்போது மண்டபத்தை இடித்து ஹோட்டல் கட்டிவிட்டார்கள். நீ தினமும் அந்த வழியால் போகிறாய் என்று நினைத்துக்கொண்டு ஹெட்போன் போட்டுக் கேட்பேன். குளிர் தொடங்கிவிட்டது, காதை மூடிக்கொண்டு போ, உனக்குச் சின்ன வயதிலேயே காதுக்குத்து வரும்.

நீ டோமில் இதைப் பாடின பெரிய வெள்ளிக்கு நான் வரவில்லை. வேலை என்றேன். லீவு கேட்டிருந்தால் தந்திருப்பார்கள், நான் கேட்கவில்லை, டாக்டருக்கோ எஞ்சினியருக்கோ படிக்கிற பிள்ளை பாட்டென்று நேரத்தை வீணாக்குகிறது என்ற எரிச்சல். 1868ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியில், ஏப்ரல் 10ஆம் திகதி, அதே டோமில் பிராம்ஸ் இதை முதலில் நடத்தியபோது அவருடைய தகப்பன் ஹம்பேர்க்கிலிருந்து வந்து இருந்து கேட்டாராம். கொன்ட்ரபாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசித்துப் பிழைத்த மனிதர். பெண்சாதியை விட்டுப் பிரிந்தவர், அவள் செத்த மறு வருடமே வேறு கல்யாணம் செய்தவர். அப்படிப்பட்டவரே வந்தார். எனக்கு பதினைந்து நிமிட ட்ராம் தூரம். அம்மா தனியாக வந்து, திரும்பி வந்து சேலையைக்கூட மாற்றாமல் குசினியில் நின்று, “உங்கட மகள் வாயைத் திறக்கேக்க என்ர தாய் தேவாரம் படிக்கிற மாதிரி இருந்தது” என்றாள். நான் அதை உனக்குச் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன்.

பிராம்ஸ் டோமில் நடத்திய அன்றைக்கு இதில் ஆறு பகுதிதான் இருந்தது. ஐந்தாவது பகுதியை அந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் எழுதிச் சேர்த்தார், பெண் குரலுக்கு, அடியில் கூட்டுக்குரல் முணுமுணுக்க. “ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்.” ஸ்வார்ட்ஸ்கோஃப் தன் வரியை மேலே பிடித்துக்கொண்டு நிற்கிறார், குரல் நடுங்கவில்லை, கீழே அந்தச் சனம் ‘தேற்றுவேன், தேற்றுவேன்’ என்று தொட்டிலாட்டுகிறது. உன் தட்டில் அந்த இடத்தில் ஒரு கீறல் இருக்கிறது, டிக் டிக் என்று விழும். பிராம்ஸின் தாய் 1865 பெப்ரவரியில் செத்தவள். வியன்னாவில் இருந்த அவருக்குத் தம்பி தந்தி அடித்தான், ஓடி வந்தார், வந்து சேர்ந்தபோது தாய் இல்லை.

தந்தியாவது அடித்தான். இந்த வரியை வாசித்த அன்று நான் தட்டை நிறுத்திவிட்டேன்.

மகள், டொக்டர் புதன்கிழமையே என்னைக் கொரிடோருக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். உனக்கு வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனை. நான் போன் எடுத்து, அம்மாவுக்குச் சும்மா நெஞ்சுச்சளி, ரெண்டு நாளில் வீட்டுக்கு விடுவார்கள், நீ சோதனையை முடி என்றேன். அது உனக்குத் தெரியும், அதற்குத்தான் நீ என்னோடு கதைப்பதில்லை என்றும் எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமை பின்னேரம் அம்மா கேட்டாள், “பிள்ளைக்குச் சொன்னீங்களோ?” நான், சொன்னேன், வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். அவள் சீப்பைக் கேட்டாள். கை தூக்க முடியவில்லை, நான்தான் தலை இழுத்துவிட்டேன். போனைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நர்ஸ் வரும்போதெல்லாம் தலையைத் தூக்கினாள். இரவு பதினொரு மணிபோல, “ஓடி ஓடி வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ, கவனமா வரட்டும்” என்றாள். அதற்குப் பிறகு கதைக்கவில்லை. நீ வருகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் போனாள், நீ வரமாட்டாய் என்று அவள் ஒரு நிமிடமும் நினைக்கவில்லை. இதைச் சொன்னால் உனக்கு நோகுமோ, ஆறுமோ, எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாக என் வாய்க்குள் கிடந்தது. உன் படிப்பைக் காப்பாற்றினேன் என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். பயத்தில் செய்தேன், மகள். நீ வந்து அவளைப் பார்த்து அழுதால் அவள் சாகப்போகிறாள் என்பது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். உன்னை ஒரு தரம் கேட்டிருக்க வேண்டும். பாஸ் பண்ணினாய், அந்தத் தாளைச் சாமித்தட்டில் வைத்திருக்கிறேன், பார்க்கும்போது பெருமையாகவும் இருக்கிறது, கண்ணெடுத்துப் பார்க்கவும் முடியவில்லை.

மிளகாய்த்தூள் வறுத்து இடித்து வைத்திருக்கிறேன், அம்மாவின் அளவுதான், பெருஞ்சீரகம் கொஞ்சம் கூட. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பார்சலுக்குக் கஸ்டம்ஸ் தாள் நிரப்ப வேண்டுமாம், உன் புது விலாசம் சரியாக எழுதி அனுப்பு. தட்டை அனுப்பமாட்டேன், தபாலில் உடைந்துவிடும். இங்கேயே இருக்கட்டும், உன் அறையும் அப்படியே இருக்கிறது.

ஒரு நாள் போன் எடு. எட்டேகாலுக்குப் பிறகு எப்போதும் வீட்டில்தான் இருப்பேன். கதைக்க விருப்பமில்லை என்றால் கதைக்க வேண்டாம், நான் ஐந்தாவது பகுதியைப் போட்டுவிட்டுப் போனைப் பிளேயருக்குப் பக்கத்தில் வைக்கிறேன், கேட்டுவிட்டு நீ வைத்துவிடலாம். சாப்பிடு, மகள்.

அப்பா